வயர்லெஸ் கீபோர்டுக்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா?

கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுக்கும் கீபோர்டில் தட்டினாலும் எழுத்து விழத்தான் செய்கிறது. அதே எழுத்து விழுவதற்கு ஐந்து மடங்கு, பத்து மடங்கு விலை கொடுத்து இன்னொன்று எதற்கு? நியாயமான கேள்விதான். பதில் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ‘வாங்குங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் உங்களுக்கான பதிலை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். எதை எதற்குப் பிறகு பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்வோம். ‘விலை கூடிய வயர்லெஸ் கீபோர்டு’ வாங்கும்போது உண்மையில் நீங்கள் இரண்டு பொருளை வாங்குகிறீர்கள். தட்டுவதற்குச் சுகமான கீபோர்டு ஒன்று. வயர் இல்லாத கீபோர்டு இன்னொன்று. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே விலையில் வருவதால் ஒன்றாகத் தெரிகின்றன. உங்களுக்கு ஒன்றுதான் தேவை என்றால் மற்றதற்குக் கொடுக்கும் காசு வீண். இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவதால்தான் பலர் ஒரு மாதம் கழித்து ‘பெரிதாக ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே’ என்கிறார்கள்.

1. இப்போது இருப்பதில் என்ன குறை?

விமர்சன வீடியோக்களை ஒரு வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். அதற்குப் பதில் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, இப்போதைய கீபோர்டு எரிச்சலூட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். ‘ஸ்பேஸ் பாரின் ஓரத்தில் அழுத்தினால் விழவில்லை’, ‘மவுஸுக்கு இடம் போதவில்லை’, ‘லேப்டாப்புக்கு மாறும்போதெல்லாம் வயரைப் பிடுங்கிச் செருக வேண்டியிருக்கிறது’, ‘மீட்டிங்கில் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம்’. இப்படி எது தோன்றினாலும் சரி.

வாரக் கடைசியில் சீட்டு காலியாக இருந்தால் உங்களுக்குப் புதுக் கீபோர்டு தேவையில்லை. ஆசை இருக்கிறது, அவ்வளவுதான். ஆசைக்கு வாங்குவதும் தப்பில்லை. அதைத் தேவை என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

சீட்டில் ஏதாவது இருந்தால், அதில் எது காசில்லாமல் தீரும் என்று பாருங்கள். கீ ஒட்டிக்கொள்கிறதா? கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, கீயின் மேல்மூடியான கீகேப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் தூசியையும் முடியையும் எடுத்தாலே பாதிப் புகார் அடங்கிவிடும். மணிக்கட்டு வலிக்கிறதா? கீபோர்டுக்குப் பின்னால் மடக்கி நிமிர்த்தும் சின்னக் கால்கள் இருக்குமே, அவற்றை மடக்கிவிடுங்கள். அவை பின்பக்கத்தைத் தூக்குவதால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மேஜை உயரமாக இருந்து நாற்காலி தாழ்வாக இருந்தாலும் இதே கதிதான். எவ்வளவு விலை கொடுத்த கீபோர்டும் தவறான உயரத்தில் இருக்கும் மேஜையைச் சரிசெய்யாது. வலி தொடர்ந்தால் கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் தட்டுகிறீர்கள் என்பதையும் அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கேட்கவில்லை. விரல் ஓடும் நேரம்தான் கணக்கு. நாள் முழுக்க ஸ்பிரெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நல்ல மவுஸும் நல்ல திரையும் கீபோர்டைவிட அதிகம் உதவும்.

2. வயர் உங்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சலா?

கீபோர்டு எப்போதும் ஒரே மேஜையில், ஒரே கம்ப்யூட்டரோடு இருக்கப்போகிறது என்றால் வயர் இருப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. சார்ஜ் போட வேண்டாம், இணைப்பு அறுபடாது, பேட்டரி கிழடாகாது. அதே தரத்தில் வயர் உள்ளது பெரும்பாலும் மலிவாகவும் கிடைக்கும். இல்லையென்றால் அதே காசுக்கு ஒரு படி மேலான தரம் கிடைக்கும். மேஜையில் வயர் தெரிவது மட்டும்தான் உறுத்தல் என்றால், வயரை மேஜைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.

வயர்லெஸ் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடங்கள் சில உண்டு. வேலைக்கு ஒரு லேப்டாப், சொந்தத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் டேப்லெட் என்று இருந்தால், ஒரு பட்டனை அழுத்தி மூன்றுக்கும் மாறி மாறித் தட்டுவது பெரிய வசதி. இந்தப் பட்டியலில் எனக்கு இதுதான் முதலிடம். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். சாப்பாட்டு மேஜையிலேயே வேலை செய்துவிட்டு எடுத்து வைப்பவர்கள், கீபோர்டை மடியில் வைத்துத் தட்டுபவர்கள், பையில் போட்டுக்கொண்டு அலைபவர்கள் ஆகியோருக்கும் வயர் இல்லாதது நிஜமான நிம்மதி.

இதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் நல்ல வயர்டு கீபோர்டு ஒன்றைப் பார்க்கத் தொடங்குங்கள். கீழே உள்ளதில் புளூடூத், பேட்டரி பகுதிகளைத் தாண்டிவிட்டு மற்றதைப் படித்தால் போதும்.

3. புளூடூத்தா, டாங்கிளா?

வயர்லெஸ் கீபோர்டு இரண்டு வழியில் பேசும். ஒன்று புளூடூத். இன்னொன்று, யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன டாங்கிள், இதை 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். இரண்டுமே காற்றில் பயன்படுத்துவது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான். வேறுபாடு, பேசும் முறையில்.

புளூடூத்தில் வேகம் குறைவு என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 60 ஆங்கிலச் சொல், சொல்லுக்கு 5 எழுத்து என்று வைத்தால் நிமிடத்துக்கு 300 தட்டு. அதாவது 200 மில்லி விநாடிக்கு ஒரு தட்டு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்தில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் இடைவெளி வழக்கமாக 7.5 மில்லி விநாடியில் தொடங்குகிறது. விளையாட்டுக்கென்று வரும் டாங்கிள்கள் விநாடிக்கு 1000 முறை, அதாவது 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை பேசும். 200 எங்கே, 7.5 எங்கே! எழுத்து வேலைக்கு இந்த வேறுபாடு விரலுக்குத் தெரியாது. துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டும் டாங்கிள் அவசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுபவருக்குத் தெரிகிற தாமதம் வேறு. பேட்டரியை மிச்சப்படுத்த, சில நிமிடம் தொடாமல் இருந்தால் கீபோர்டு தூங்கிவிடும். திரும்ப வந்து தட்டும்போது அது விழித்து இணைவதற்குள் முதல் எழுத்து ஒன்றிரண்டு காணாமல் போகும். பாஸ்வேர்டு அடிக்கும்போது இது நடந்தால் தவறு என்று வரும், ஏன் என்றே புரியாது. விலை கூடிய மாடல்களுக்கும் மலிவானவற்றுக்கும் இடையே உள்ள உருப்படியான வித்தியாசங்களில் இது ஒன்று. வாங்குமுன் சோதிக்க முடிந்தால் ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு வந்து தட்டிப் பாருங்கள்.

டாங்கிளுக்குச் சாதகமான இன்னொரு காரணம், கம்ப்யூட்டர் முழுதாக எழுவதற்கு முன்பே அது வேலை செய்யும் என்பது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைக்குப் போக வேண்டும், ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டியிருக்கும் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும் என்றால், பல கம்ப்யூட்டர்களில் அந்த நேரத்தில் புளூடூத் இன்னும் எழுந்திருக்காது. டாங்கிளைக் கம்ப்யூட்டர் சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகவே பார்ப்பதால் சிக்கல் இல்லை. புளூடூத் மட்டும் உள்ள கீபோர்டை வாங்கினால் பழைய வயர்டு கீபோர்டைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வைத்திருங்கள்.

டாங்கிளிலும் ஒரு தொல்லை உண்டு. யூஎஸ்பி 3.0 துளைகளும், அவற்றில் செருகிய ஹார்ட் டிஸ்க் போன்றவையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இல் ஒரு ஆய்வறிக்கையே வெளியிட்டது. கம்ப்யூட்டரின் பின்பக்கம், ஹார்ட் டிஸ்க் வயருக்கு ஒட்டினாற்போல் டாங்கிளைச் செருகிவிட்டு ‘எழுத்து விட்டுப்போகிறது, கீபோர்டு மட்டம்’ என்பவர்கள் நிறைய. ஒரு குட்டி யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி டாங்கிளை மேஜை மேலே கொண்டுவந்தால் தீர்ந்தது. சில நல்ல கீபோர்டுகளில் அந்த நீட்டிப்பு வயரைப் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள்.

டாங்கிள் தொலைந்தால் என்ன கதி என்றும் பாருங்கள். தனியாக விற்கிறார்களா, வேறொன்று பொருந்துமா? ஒரே நிறுவனத்தின் டாங்கிள்களே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். லாஜிடெக்கின் பழைய யூனிஃபையிங் டாங்கிளோடு, 2021இல் வந்த போல்ட் வகைக் கீபோர்டு சேராது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் பல, தட்டும் எழுத்தை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) எதுவும் செய்யாமல் அப்படியே காற்றில் அனுப்புவதைக் காட்டினார்கள். சரியான கருவி இருந்தால் பல பத்து மீட்டர் தள்ளி இருந்தே பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் படித்துவிடலாம். புளூடூத் கீபோர்டுகள் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. அதனால் டாங்கிள் மட்டும் உள்ள மாடல் என்றால், இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டதா என்று பெட்டியிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நல்ல வயர்லெஸ் கீபோர்டுக்கு ஏன் கூடுதல் காசு என்று கேட்டால், நான் முதலில் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

4. கீக்கு அடியில் என்ன இருக்கிறது?

காசு அதிகம் போவது இங்கேதான், விரல் உணர்வதும் இதைத்தான்.

மலிவான கீபோர்டுகளில் கீக்கு அடியில் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அழுத்தினால் அது அமுங்கிக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தாளில் உள்ள தடங்களைத் தொட வைக்கும். இது மெம்பரேன் வகை. கீயை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். நாள் போகப் போக குமிழ் தளர்ந்து சேற்றில் விரல் வைத்த மாதிரி ஆகிவிடும்.

லேப்டாப்பில் இருப்பது போன்ற சிசர் வகையிலும் ரப்பர் குமிழ்தான். ஆனால் அதைச் சுற்றிக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்காக மடங்கும் ஒரு பிளாஸ்டிக் அமைப்பு இருக்கும். அதனால் கீயின் எந்த மூலையில் அழுத்தினாலும் சமமாக இறங்கும். இறங்கும் ஆழம் 1 முதல் 2 மில்லிமீட்டர், சத்தம் குறைவு, உயரமும் குறைவு. ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு, லாஜிடெக்கின் எம்எக்ஸ் கீஸ் எல்லாம் இந்த வகைதான். லேப்டாப் தட்டிப் பழகிய கைக்கு மாறியதே தெரியாது.

மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி ஸ்விட்ச், உள்ளே ஒரு ஸ்பிரிங். வழக்கமாகக் கீ 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதி வழியில் சுமார் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். இதில் லீனியர், டாக்டைல், கிளிக்கி என்று மூன்று குணம். லீனியர் வழுக்கிக்கொண்டு இறங்கும். டாக்டைலில் எழுத்து விழும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். கிளிக்கியில் மேட்டோடு ‘டிக்’ என்ற சத்தமும் வரும். இந்த மூன்றையும் ஸ்விட்ச் தயாரிக்கும் செர்ரி நிறுவனம் முறையே சிவப்பு, பழுப்பு, நீலம் என்று நிறம் வைத்துப் பிரித்தது; மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. செர்ரி சிவப்பை அழுத்த சுமார் 45 கிராம் விசை போதும். நீலத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொறுமையும் வேண்டும். வீட்டில் குழந்தை தூங்கும், அலுவலகத்தில் பக்கத்தில் ஆள் இருக்கும் என்றால் கிளிக்கி பக்கமே போக வேண்டாம்.

‘இந்த ஸ்விட்ச் 5 கோடி அழுத்தம் தாங்கும்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதிலும் மயங்க வேண்டாம். நாளொன்றுக்கு 30,000 தட்டு தட்டும் ஆளை எடுத்துக்கொள்வோம். அதிகம் அடி வாங்கும் ஸ்பேஸ் பாருக்கு அதில் 5,000 போகிறது என்றால், 5 கோடி தீர 10,000 நாள் ஆகும். ஒருநாள் விடாமல் தட்டினாலும் 27 வருடம்! அதற்கு வெகு முன்பே பேட்டரி போய்விடும், சார்ஜ் துளை தளர்ந்துவிடும். மெம்பரேனுக்கு வழக்கமாகச் சொல்லும் 50 லட்சம், 1 கோடி என்ற எண்ணை வைத்துப் பார்த்தால் இதே ஆளுக்கு 1,000 முதல் 2,000 நாள். அதிகம் தட்டுபவருக்கு இங்கே வித்தியாசம் இருக்கிறது. கொஞ்சமாகத் தட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹாட் ஸ்வாப் என்று போட்டிருந்தால், ஸ்விட்சைச் சூடு வைத்து எடுக்காமல் கையாலேயே பிடுங்கி மாற்றலாம். ஒரே கீ கெட்டுப்போய் இரண்டு முறை விழத் தொடங்கினால் முழுக் கீபோர்டையும் வீசாமல் தப்பிக்கலாம். இதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன்.

கீகேப் எந்தப் பிளாஸ்டிக் என்றும் பாருங்கள். ஏபிஎஸ் கொஞ்ச நாளில் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று எண்ணெய் தேய்த்தது போல ஆகிவிடும். பிபிடி சொரசொரப்பாகவே இருக்கும். மேலே அச்சடித்த எழுத்து அழியும். இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்துச் செய்த எழுத்து அழியவே அழியாது. கீகளுக்கு அடியில் எரியும் வண்ண விளக்கு? பார்க்க அழகு, தட்டுகிறவர் திரையைப் பார்ப்பாரா விளக்கைப் பார்ப்பாரா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். இருட்டில் தட்டுபவருக்கு மங்கலான வெள்ளை விளக்கு போதும்.

5. அளவும் கீகளின் இடமும்

முழு அளவுக் கீபோர்டில் 104 கீ. வலது ஓரத்து நம்பர் பேடை வெட்டினால் 87. இன்னும் சுருக்கிக்கொண்டே போனால் அம்புக்குறிகூட இல்லாத 61 கீ வரை வரும். கணக்கு வழக்கு பார்ப்பவருக்கு நம்பர் பேட் இல்லாமல் கை ஒடிந்தாற்போல் இருக்கும். மற்றவர்களுக்கு அது இல்லாமல் இருப்பதே நல்லது: மவுஸ் கிட்டே வரும், வலது தோள் அகலாமல் இருக்கும்.

தமிழில் அதிகம் தட்டுபவர்கள் இங்கே கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது amma என்று தட்டி ‘அம்மா’ வரவைப்பவர் என்றால், பிரச்சினை இல்லை. பெரும்பாலும் ஆங்கில எழுத்துக் கீகளே போதும். ஆனால் தமிழ் எழுத்துகளுக்கென்றே கீகளை ஒதுக்கிய தமிழ்99 முறையில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிக் கீகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளியில், ய அதற்குப் பக்கத்து மேற்கோள் கீயில், ழ சாய்கோட்டில். ஆங்கிலம் தட்டுபவருக்கு எப்போதோ ஒருமுறை தேவைப்படும் இந்தக் கீகள் தமிழ்99 ஆளுக்கு வரிக்கு நாலு முறை வேண்டும். கையடக்கமான வயர்லெஸ் மாடல்கள் சிலவற்றில் இடம் மிச்சம் பிடிக்க, வலது ஓரத்தில் இருக்கும் இதே கீகளைத்தான் பாதி அகலத்துக்குச் சுருக்குவார்கள், அல்லது வேறு வரிசைக்குத் தூக்கிப் போடுவார்கள். படத்தைப் பெரிதாக்கி, என்டருக்கு இடப்பக்கம் இருக்கும் கீகள் எல்லாம் மற்ற எழுத்துக் கீகளின் அகலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு. அதைவிட நன்றாகக் குறைந்தால் விரல் தடுமாறும்.

கீயில் தமிழ் எழுத்து அச்சாகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்தக் கீபோர்டிலும் தமிழ் தட்டலாம். எழுத்தைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டரில் உள்ள அமைப்புதான். அதனால் மூன்று கருவிக்கும் மாறி மாறித் தட்டப்போகிறீர்கள் என்றால் மூன்றிலும் தமிழ் அமைப்பைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உயரத்தையும் விட்டுவிடக் கூடாது. மெக்கானிக்கல் கீபோர்டுகள் பொதுவாகத் தடிமனானவை. முன் விளிம்பே உயரமாக இருந்தால் மணிக்கட்டுக்குத் திண்டு வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் காசு.

6. பேட்டரி

பெட்டியில் போட்டிருக்கும் மாதக் கணக்கு எல்லாம் விளக்கை அணைத்து வைத்தால்தான். எம்எக்ஸ் கீஸுக்கு லாஜிடெக் சொல்லும் கணக்கே விளக்கு எரிந்தால் 10 நாள், அணைத்தால் 5 மாதம். எந்தக் கீபோர்டு பார்த்தாலும் இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒன்றைத்தான் போட்டிருக்கிறார்கள் என்றால் அது பெரிய எண்ணாகத்தான் இருக்கும்.

உள்ளே பொருத்திய லித்தியம் பேட்டரி சில நூறு முழுச் சார்ஜுக்குப் பிறகு தளரத் தொடங்கும். பத்து நாளைக்கு ஒருமுறை சார்ஜ் என்றால் வருடத்துக்கு 36தான். கவலைப்பட ஒன்றும் இல்லை. வண்ண விளக்கை முழுதாக எரியவிட்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் வருடத்துக்கு 180 ஆகிவிடும், மூன்றாவது வருடத்திலேயே தள்ளாட்டம் தெரியலாம். திருகைக் கழற்றி பேட்டரியை மாற்ற முடியுமா, ஒட்டி மூடிவிட்டார்களா என்பது அப்போதுதான் முக்கியமாகும். வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

சாதாரண ஏஏ செல்லில் ஓடுவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். கீபோர்டு பிரியர்கள் கொண்டாடும், விலையில் உச்சத்தில் இருக்கும் ஜப்பானிய எச்எச்கேபி ஹைபிரிட் கீபோர்டே இரண்டு ஏஏ செல்லில்தான் ஓடுகிறது. செல் தீர்ந்தால் மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

இன்னொன்று: வயரைச் செருகினால் அது சார்ஜ் மட்டும் ஏற்றுமா, அல்லது வயர்டு கீபோர்டாகவே வேலை செய்யுமா? இரண்டாவதாக இருந்தால், பேட்டரி செத்த பிறகும் கீபோர்டு உங்களிடம் உயிரோடு இருக்கும்.

7. மென்பொருளும் பொருத்தமும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கீயின் வேலையை மாற்றியமைக்கும் வசதி இருந்தால், அந்த மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே பதிகிறதா, கம்ப்யூட்டரில் மென்பொருள் ஓடினால்தான் நிற்கிறதா என்று கேளுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ அனுமதி இல்லை என்றால் இரண்டாவது வகை உங்களுக்குப் பயனில்லை. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் மாறுபவர்கள், இரண்டுக்கும் உரிய கீ பெயர்கள் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். சிறப்பு வசதிகளுக்கு எல்லை உண்டு. ஆப்பிள் மேஜிக் கீபோர்டின் விரல்ரேகை வசதி, ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்கில் மட்டும்தான் வேலை செய்யும். பழைய மேக்கிலோ விண்டோஸிலோ அதற்குக் கொடுத்த காசு சும்மா கிடக்கும்.

8. கை வைத்துப் பாருங்கள்

முடிந்தால் நேரில், இல்லையென்றால் வைத்திருக்கும் நண்பரிடம். கடையில் நின்றுகொண்டு இரண்டு கீயை அமுக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. நிற்கும்போது கை மேலிருந்து இறங்குவதால் எல்லாக் கீபோர்டும் சுகமாகத்தான் இருக்கும். நாற்காலி கேட்டு உட்காருங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேகமாகத் தட்டுங்கள்.

பிறகு பெரிய கீகளுக்கு வாருங்கள். ஸ்பேஸ் பார், என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட் நான்கையும் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் கடகடவென்று சத்தம் வந்தால், அல்லது ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றால், விலை எவ்வளவு போட்டிருந்தாலும் செய்நேர்த்தி இல்லை என்று அர்த்தம். சின்னக் கீகளை நன்றாகச் செய்வது சுலபம். நீளக் கீயில்தான் சாயம் வெளுக்கும். கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள், வளையக் கூடாது. மேஜையில் வைத்து ஓரமாகத் தள்ளுங்கள்; வழுக்கக் கூடாது. தூக்கியும் பாருங்கள். அலுமினிய உடல் உள்ளவை சில ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். மேஜையில் அசையாமல் இருக்க அது நல்லது. பையில் போட்டுச் சுமக்க வயர்லெஸ் கேட்டவருக்கு அது தண்டனை.

9. கணக்கு

இப்போது முதல் படியில் எழுதிய சீட்டை எடுங்கள். பார்த்து வைத்திருக்கும் கீபோர்டு அதில் எத்தனை வரியை அடிக்கிறது? பிறகு, அதே வரிகளை அடிக்கும் மிக மலிவான மாடல் எது என்று தேடுங்கள். பெரும்பாலும் உச்ச விலையில் பாதிக்கும் கீழே ஒன்று அகப்படும். விலை ஏற ஏறக் கிடைக்கும் பலன் ஒரே அளவில் ஏறுவதில்லை. சப்பென்ற மெம்பரேனிலிருந்து நல்ல நடுத்தரக் கீபோர்டுக்கு மாறும்போது கை துள்ளும். அங்கிருந்து உச்சத்துக்குப் போகும்போது, உடம்பு உலோகமாகும், ஓசை இன்னும் இனிமையாகும், எழுத்து விழுவது பழையபடிதான் இருக்கும்.

என் கணிப்பு இதுதான். தினமும் மூன்று நான்கு மணி நேரம் விரல் ஓடுகிறவர், இரண்டு மூன்று கருவிக்கு மாறுகிறவர் என்றால் தயங்காமல் காசு போடலாம். நான்கைந்து வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்கு விழும் தொகை அற்பம். அதிகம் தட்டினாலும் ஒரே கம்ப்யூட்டர்தான் என்றால் நல்ல வயர்டு. கொஞ்சமாகத் தட்டி, பல கருவிக்கு மாறுகிறவருக்கு, மூன்று கருவியோடு இணையும் சாதாரண புளூடூத் கீபோர்டே போதும். கொஞ்சமாகவும் தட்டி, ஒரே கருவியும் வைத்திருப்பவர் அந்தக் காசில் நாற்காலியை மாற்றலாம்.

10. வாங்கிய பிறகு

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று முன்பே கேட்டு வையுங்கள். அந்த நாள்கள்தான் உண்மையான சோதனை. பெட்டியையும் உள்ளே இருந்த நுரைத் தட்டையும் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். முதல் நாளே முழுதாகச் சார்ஜ் போட்டு, கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) நிறுவனம் தரும் புதுப்பிப்பு இருந்தால் ஏற்றுங்கள். இணைப்பு அறுபடும் புகார்கள் சில அதிலேயே அடங்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் தப்பு அதிகம் விழும். கை பழைய ஆழத்துக்கும் இடைவெளிக்கும் பழகியிருக்கிறது, அதனால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். தினசரி வேலை எல்லாவற்றையும் இதிலேயே செய்யுங்கள். தூங்கி எழுந்து இணைகிறதா, கருவி மாறும்போது எத்தனை விநாடி எடுக்கிறது, விளக்கோடு பேட்டரி எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள்.

அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பழைய கீபோர்டை எடுத்துச் செருகி ஒருநாள் முழுக்க அதிலேயே வேலை செய்யுங்கள். மதியத்துக்குள் புதியதைத் தேடிக் கை போனால் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வரை மாறியதையே மறந்துவிட்டீர்கள் என்றால் கூசாமல் திருப்பிக் கொடுங்கள். கொடுக்குமுன் எல்லாக் கருவியிலிருந்தும் அதன் புளூடூத் இணைப்பை நீக்கிவிடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். டாங்கிள் இல்லாமல் போய் நிற்கும் பெட்டியை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.